தேதிக்குப் பிறகு நடந்த கூட்டம்

ரிக்கார்டு ரூமுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆள் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல ஒரு நொடி போதும். அப்படிச் சொன்ன "இல்லை" சரிதானா என்று நான் வாரக்கணக்கில் கவலைப்பட்டிருக்கிறேன். பூட்டைப் பூட்டிவிட்டு வீதி முனை வரைக்கும் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இந்தச் சுபாவத்தால் எனக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. ஒரே ஒரு தடவை பிரயோசனமும் வந்தது. அதை எழுதுகிறேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். ஆபீசில் ரிக்கார்டு அட்டெண்டர். ரிக்கார்டுக் கட்டுகளை இறக்குவது, ஏற்றுவது, சிவப்புத் துணியில் சுற்றி நாடா போட்டுக் கட்டுவது, கேட்கிற குமாஸ்தாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பஸ்ஸில் அன்றைக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். ஐம்பதுகளின் பாதி அது. நாங்கள் சேலம் ஜில்லாவில் இருந்தோம். ஓசூரில் கம்பெனியும் இல்லை, கம்பெனி பஸ்ஸும் இல்லை. ஆபீஸ் வராந்தாவில் தமிழில் மனு கொடுப்பவர் தெலுங்கில் மனைவியைத் திட்டிக்கொண்டு, கன்னடத்தில் மாட்டு விலை பேசுவார். எல்லாருக்கும் எல்லாம் புரியும்.

அச்சாகிற பத்திரிகை எதுவானாலும் சர்க்காருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று சட்டம். எங்கள் பக்கத்து வாரப் பத்திரிகைகள் இரண்டு மூன்று, சுருட்டி நடுவில் காகிதப் பட்டை ஒட்டி, தபாலில் எங்களுக்கு வரும். தபால் பிரிக்கிறவர் பட்டையைக்கூடக் கிழிக்காமல் என் பக்கம் தள்ளிவிடுவார். வந்த தேதி போட்டு சீல் குத்துவதில்லை. "பத்திரிகை ரிக்கார்டு இல்லை" என்பது ஹெட் கிளார்க் வாக்கு. ரிக்கார்டு இல்லாததை நான் என்ன செய்வது? அலமாரிப் பலகையில் வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் பத்திரிகையை விரித்து, அதன்மேல் கட்டுகளை அடுக்குவேன். கரையானுக்கும் பூச்சிக்கும் அது எங்கள் வைத்தியம். ஆகவே பத்திரிகை எங்கள் ரூமில் ஏராளமாக இருந்தது. இருக்கிறதென்று எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒரு தை மாதம் மாதம்மா என்கிற பெண்பிள்ளை ஜன்னலுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். பாரூர் ஏரிக் கால்வாயின் கடைசி மடைப் பக்கத்து ஊர். தலைமுறையாகக் கூலிக்கு உழைத்த குடும்பம். கூட இன்னும் இரண்டு பெண்கள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சாமி, பேப்பர்ல வந்துதாமே, அந்தப் பேப்பர் வேணும்."

"எந்தப் பேப்பரும்மா? சாமி எல்லாம் வேணாம், அண்ணான்னு கூப்பிடு."

"எங்களுக்குப் பூமி குடுத்த பேப்பருங்க."

பட்டாவாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நிலம் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குத் தானமாகக் கொடுக்கச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் நடந்த காலம் அது. முந்தின வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் மத்தூரிலும் ஒன்று நடந்திருக்கிறது. மாதம்மா ஊர்ப் பெரிய நிலக்காரர் அங்கே மேடையேறி, கால்வாய்க்குக் கீழே தரிசாகக் கிடந்த நிலத்தைக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். கைதட்டல், மாலை எல்லாம் ஆயிற்று. எழுத்தில் ஒன்றும் ஆகவில்லை. மாதம்மாவும் மற்றவர்களும் முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, நிலத்தைத் திருத்தினார்கள். இப்போது முதல் நெல் கதிர் முற்றி நிற்கிறது. நிலக்காரர் இறந்துபோனார். மகன் வெங்கடாசலம், "எங்கப்பா அப்படி எதுவும் கொடுக்கவில்லை, இவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள்" என்று மனுப்போட்டுவிட்டார். அடுத்த புதன்கிழமை எங்கள் ஆபீசர் முன்னால் விசாரணை.

"கூட்டத்துல இருந்தவங்க வந்து சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"யாருங்க சொல்லுவாங்க? எல்லாரும் அவுங்க களத்துல வேல செய்யறவங்க. அப்ப இருந்த வாத்தியாரு பேப்பர எங்களுக்குப் படிச்சுக் காட்னாருங்க. அவரையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

"பேப்பர் தேதி தெரியுமா?"

"தீபத்துக்கு மறுநாளு கூட்டம். ஏரி நெறஞ்சு மறுகால் போன வருசம். இன்னும் என்னா சொல்லணும்?"

அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாதுதான்.

பத்திரிகை ரிக்கார்டு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். விதியும் அதுதான். ஆனால் அவள் போன பிறகு நான் படுத்துத் தூங்க வேண்டுமே! ஹெட் கிளார்க்கிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நகல் கிகல் தர முடியாது. ஆபீசர் கேட்டா எடுத்துக்கிட்டு வா. கேக்கலைன்னா வாயத் திறக்காதே" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்துப் பத்திரிகைகளை எந்தப் பலகையில் விரித்தேன் என்று யோசித்து, ஜமாபந்திக் கட்டுகளை இறக்கினேன். தபேதார் நாராயணப்பா ஒத்தாசைக்கு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சிவப்புப் பட்டையும் வில்லையும் போட்டுக்கொண்டு ஆபீசருக்கு முன்னால் நடக்கிற ஆள், என் ரூமில் தும்மிக்கொண்டு கட்டு தூக்கினார்.

"ஏமப்பா, கரையான் திங்கிறதுக்குப் போட்டத இப்ப நாம திங்கணுமா?"

வேப்பிலை சருகைத் தட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினோம். வியாழக்கிழமை தோறும் வருகிற தமிழ்ப் பத்திரிகை அது. நாலு பக்கம். பஞ்சாங்கத்தைப் பார்த்து, தீபத்துக்கு அடுத்த வியாழக்கிழமை இதழை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். கூட்டம் பற்றி ஒன்றும் இல்லை. அதற்கடுத்த இதழ், அதற்கும் அடுத்தது. இல்லை. பத்திரிகைக்காரன் எழுதாமல் விட்டிருப்பான், வாத்தியார் வேறு எதையோ படித்துக் காட்டியிருப்பார் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். மாதம்மாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி பழையபடி பலகையில் விரிக்கும்போதுதான், சுருக்கத்தை நீவின கைக்கு அடியில் மத்தூர் என்று இருந்தது. உள்பக்கம். கூட்டம், மேடை, நிலக்காரர் பேர், கால்வாய்க்குக் கீழ் உள்ள நிலம், எல்லாம் இருந்தது.

நாராயணப்பாவைக் கட்டிப் பிடிக்காத குறை. பிறகு முதல் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். தீபத்துக்கு முந்தின வியாழக்கிழமை.

உட்கார்ந்துவிட்டேன். தீபத்துக்கு மறுநாள் நடந்த கூட்டத்தை, தீபத்துக்கு முன்னாலேயே வந்த பத்திரிகை எப்படி எழுதும்? எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? பொய்யாக அச்சடித்துக் கொண்டுவந்தது என்பார். யார் கொண்டுவந்தது? நான். சீல் வேறு இல்லை. வேலை போய்விடும் என்று அந்த நிமிஷமே நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

நாராயணப்பா வாங்கிப் பார்த்தார். "இதுக்கா முகம் இப்பிடிப் போச்சு? உள்பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடு. தலைய வெட்டிட்டா முண்டத்துக்குத் தேதி எதுக்கு?"

சிரிப்புக்குச் சொன்னார் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே கத்தரிக்கோலைத் தேடினார்.

உங்களுக்கும் இந்த மாதிரி நேரம் வரும். எதிரில் நிற்கிற ஆள் சொல்வது நிஜம் என்று உங்களுக்குத் தெரியும். கையில் இருக்கிற காகிதத்தில் ஒரு மூலை மட்டும் அந்த ஆளுக்கு எதிராக இருக்கும். அந்த மூலை இல்லாவிட்டால் எல்லாம் சுலபம். அன்றைக்கு நான் கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். தர்ம நியாயம் எல்லாம் தோன்றவில்லை. கிழித்த காகிதத்தைப் பார்த்ததும் கிழித்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று பயந்தேன். பயமும் சில நேரம் சரியான பக்கம் தள்ளும்.

சனிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். அதே கூட்டத்தை எழுதின சரியான தேதி இதழ் வேறு உண்டா என்று பத்திரிகைக்காரரிடமே கேட்பதாக உத்தேசம். ஒரு சந்துக்குள் இருந்தது அச்சுக்கூடம். மிதிக்கிற மெஷின் ஒன்று. ஆசிரியர், முதலாளி, எழுத்துக் கோக்கிறவர் எல்லாம் ஒரே ஆள். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

நான் தேதி விஷயத்தைச் சொன்னதும் மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க எந்த ஆபீஸ்? தபாலாபீசா?"

இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் பேசினார். அவரிடம் இருந்த ஈய எழுத்து இரண்டு பக்கத்துக்குத்தான் காணும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வியாழக்கிழமைத் தேதி போட்டு முதலில் அடித்துவிடுவார். அந்த எழுத்தைப் பிரித்து அறைகளில் போட்ட பிறகுதான் உள்பக்கம் கோக்க முடியும். நடுவில் கல்யாண வேலை வந்தால் உள்பக்கம் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும். அதற்குள் நடந்ததெல்லாம் அதில் ஏறிவிடும். சொன்ன கிழமையில் வருகிற பத்திரிகைக்குத்தான் தபால் செலவில் சலுகை, தேதியை மாற்றினால் அது போய்விடும் என்று பயம்.

"என் பத்திரிகையில எந்த இதழை எடுத்தாலும் இந்த லட்சணம்தான் இருக்கும்" என்றார்.

"இதை வந்து ஆபீசர்கிட்டச் சொல்ல முடியுங்களா?"

"ஐயையோ. சொன்னா நாளைக்கே என் சலுகைய ரத்து பண்ணுவான். வயித்துல அடிக்காதீங்க. நீங்க இங்க வந்ததே எனக்குத் தெரியாது."

பழைய இதழ்கள் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். மூலையைக் காட்டினார். கரையான் புற்று. அவர் வேப்பிலை போடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதை நான் ஆபீசரிடம் சொன்னால் அவர் பிழைப்பு கெடும். சொல்லாவிட்டால் மாதம்மாவின் பயிர் போகும். போகட்டும், நான் என்ன வக்கீலா? தேடிக் கொடுப்பது என் வேலை. ஜெயிக்க வைப்பது என் வேலை இல்லை. தேடிக் கொடுப்பதென்றால் எவ்வளவு என்று மட்டும் யோசித்தேன். "எந்த இதழை எடுத்தாலும்" என்று அவர் சொன்னது காதில் நின்றது. திங்கட்கிழமை அந்த வருஷத்துக் கார்த்திகை, மார்கழி, தை இதழ்கள் முழுவதையும், நல்லது கெட்டது பொறுக்காமல், ஒரே கட்டாகக் கட்டினேன். ஒவ்வொன்றையும் படிக்க நேரமில்லை. ஒரு இதழில், அதன் தேதிக்குப் பிறகு கூடின மாட்டுச் சந்தை கூடி முடிந்ததாகப் போட்டிருந்ததைப் பார்த்தேன். அது போதுமா என்று தெரியவில்லை.

புதன்கிழமை விசாரணை. மாதம்மாவும் ஊர்க்காரர்களும் வாசற்படிக்கு வெளியே. உள்ளே நாற்காலியில் வெங்கடாசலமும் அவருடைய வக்கீலும். வெங்கடாசலத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. புது மாப்பிள்ளை களை இன்னும் போகாத முகம். மாதம்மா கேட்டதன்பேரில் ஆபீசர் பத்திரிகையைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். வக்கீல் கையில் போனதும் அவர் நேராக முதல் பக்கத்தைத்தான் பார்த்தார்.

"கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் கூட்டம் நடந்ததுன்னு இந்தம்மாவே வாக்குமூலம் கொடுத்திருக்கு. பத்திரிகை தீபத்துக்கு முன்னாடி வந்திருக்கு. இது செய்திப் பத்திரிகையா, ஆரூடப் பத்திரிகையா?"

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. "தேதி எங்களுக்கு என்னாங்க தெரியும்? கூட்டம் நடந்துது, அது தெரியும்" என்று மாதம்மா படிக்கு வெளியிலிருந்தே சொன்னாள். நாராயணப்பா வழக்கப்படி அவளை "உஸ்" என்று அடக்கினார். அன்றைக்கு அவர் குரலில் சத்தம் இல்லை.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "இது எங்கே இருந்தது?"

"பலகைமேல விரிச்சிருந்ததுங்க."

"வந்த தேதிக்கு சீல் இருக்கா?"

"இல்லீங்க. பத்திரிகைக்கு சீல் போடறதில்லீங்க."

"அது என்ன கையில் கட்டு?"

"அதே பத்திரிகைங்க. முன்னாடி பின்னாடி வந்ததெல்லாம். இருந்ததை அப்படியே கொண்டாந்தேன்."

வக்கீல் ஆட்சேபித்தார். ஆபீசர் இளம் வயது மனிதர், மதராஸ்காரர். "ஆட்சேபம் எதற்கு, நீங்களும் பாருங்கள்" என்று கட்டைப் பிரித்து மேஜைமேல் பரப்பினார். அவர் இரண்டைப் புரட்ட, வக்கீல் ஒன்றை எடுக்க, வெங்கடாசலம் சும்மா இருக்க முடியாமல் ஒன்றை இழுத்துப் பிரித்தார். அந்தக் கட்டில் மாதம்மா பக்கத்துக்கு எதிராக இன்னும் என்னென்ன இருக்கிறதோ!

திடீரென்று வெங்கடாசலம் முகம் மலர்ந்து, "அட, நம்ம கல்யாணம்!" என்றார்.

"படியுங்கள்" என்றார் ஆபீசர், தலையை நிமிர்த்தாமலே.

அவர் சத்தமாகவே படித்தார். இன்னாரின் புதல்வருக்கும் இன்னாரின் புதல்விக்கும் திருமணம் வெகு விமரிசையாக நடந்தேறியது, நாதஸ்வரக் கச்சேரி நடந்தது, இன்னின்ன பிரமுகர்கள் வந்திருந்து வாழ்த்தினார்கள். பிரமுகர் பேர் ஒன்றுகூட விடாமல் படித்தார். வக்கீலின் பேரும் அதில் இருந்தது. வக்கீல் லேசாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

"கல்யாணம் என்றைக்கு நடந்தது?"

"தை மாசம், ஒரு திங்கக்கிழமைங்க. பூசத்துக்கு முந்தின திங்கக்கிழமை."

"பத்திரிகையில் என்ன தேதி போட்டிருக்கிறது?"

வெங்கடாசலம் முதல் பக்கத்தைத் திருப்பினார். அதில் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை இருந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யார் கல்யாணமோ என்று சொல்லியிருக்க முடியாது.

"அப்பவே எங்கப்பா திட்டினாருங்க" என்றார், வக்கீலைப் பார்க்காமல். "தாலி கட்றதுக்கு முன்னாடியே நடந்துடுச்சுன்னு போட்டிருக்கானே, பொண்ணு வீட்ல பாத்தா என்ன நினைப்பாங்கன்னு. இவன் பத்திரிகை எப்பவும் இப்படித்தாங்க."

இப்போது வாசலில் யாரோ சிரித்தார்கள். நாராயணப்பா அடக்கவில்லை.

அச்சுக்கூடத்துக்காரரை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆபீசர் உத்தரவு பெரிய உத்தரவு ஒன்றும் இல்லை. மேடையில் கொடுத்ததாகச் சொன்னது தானமாகுமா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும், அதுவரைக்கும் உழுகிறவர்களைக் கிளப்பக் கூடாது, நிற்கிற பயிரை அவர்களே அறுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அந்தத் தனி விசாரணை வேறு ஆபீசுக்குப் போயிற்று. அதன் முடிவு எனக்குத் தெரியாது. எங்கள் வேலையில் பாதிக் கதைதான் கைக்கு வரும். மீதிக்கு ஆசைப்படாதீர்கள்.

இரண்டு காரியம் மட்டும் அன்றைக்குப் பிறகு மாறின. எது வந்தாலும், குப்பை என்று தோன்றினாலும், வந்த தேதிக்கு ஒரு சீல் குத்தினேன். ஹெட் கிளார்க் மைச் செலவைப் பற்றி முணுமுணுத்தார். இன்னொன்று, அந்த வருஷத்துப் பத்திரிகைகளைப் பலகைக்குத் திருப்பி அனுப்பாமல் தனிக் கட்டாக வைத்தேன். அந்தக் கட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாதம்மா ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணா, வாத்தியாரு படிச்ச மாதிரி ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க. அறுப்புக்குப் போவணும், சீக்கிரம்."

படித்தேன். தலைமை வகித்தவர் பேர், மாலை போட்டவர்கள் பேர், பாட்டுப் பாடிய இருவர் பேர், பந்தல் உபயம் செய்தவர் பேர், நிலம் கொடுத்தவர் பேர் பெரிய எழுத்தில். கடைசி வரியில் "நிலமற்ற சில குடும்பங்கள் இதனால் பயனடைவர்" என்று முடிந்தது.

"அந்த சில குடும்பம்?"

"நீங்கதான்."

தூணருகே நின்ற பெண்களிடம் திரும்பி, "நம்மளத்தான் சொல்லியிருக்குதாம்" என்றாள். பிறகு என்னிடம், "வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பமே. ஏழு ஊடுதான். என்னா அவ்ளோ பெரிய வேல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கட்டின் மேல் செருகுகிற அடையாளச் சீட்டு என் கையில் இருந்தது. பத்திரிகையின் பேர், மாதம், வருஷம் எழுதிவிட்டிருந்தேன். 'பொருள்' என்ற இடம் காலியாக இருந்தது. நிலக்காரர் பேரைத்தான் அதில் எழுதியிருப்பேன். செய்தியில் இருக்கிற பேர் அதுதானே. ஆனால் நாளைக்கு இதைத் தேடிக்கொண்டு வரப்போவது யார்? நிலக்காரர் வரமாட்டார். இவள் பிள்ளையோ பேரனோ வந்து, இவள் பேரைச் சொல்லித்தான் கேட்பான். யார் பேரைச் சொல்லித் தேடி வருவார்கள் என்று நினைத்துச் சீட்டு எழுதுங்கள். அன்றைக்குத்தான் எனக்கே அது தோன்றிற்று.

"ஏழு பேரையும் சொல்லும்மா" என்றேன்.

தன் பேரை முதலில் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். இடம் போதாமல் சீட்டின் பின்பக்கமும் எழுதினேன். ஏழாவதுக்கு வரும்போது நின்றுவிட்டாள்.

"கடேசி ஊட்டுக்காரன் போன வைகாசியில செத்துட்டானுங்க. கல்லு பொறுக்குனவன்தான். அவனை எழுதலாமா?"

எழுதலாம் என்றேன்.